சதிக்கதையும் அதன் வாசகரும்

சமுதாயத்தில் நிகழும் பெருந்துன்பங்களுக்கெல்லாம் மறைவிடத்தில் கூடியிருக்கும் சிலரின் திட்டமே காரணம் எனக் கூறும் விளக்கங்களைச் 'சதிக்கோட்பாடுகள்' என்று அழைப்பது இன்று பெருவழக்காகிவிட்டது. எனினும் ஈண்டு 'சதிக்கதை' என்னும் தொடரையே கையாள விரும்புகிறேன். கோட்பாடு என்பது சான்றுகளால் தாங்கப்படுவது. சான்று மாறின் தானும் மாற வேண்டியது. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ சான்றுகள் யாவும் சரிந்த பின்னரும் நின்று நிலைப்பது. அதற்குச் சொல்வோன் உண்டு, கேட்போன் உண்டு, பாத்திரங்களும் நிகழ்ச்சிக் கோப்பும் உண்டு. ஆதலின் அதனை உளவியலாருக்கும் அரசறிவியலாருக்கும் மட்டுமே உரியதென ஒதுக்கிவிடாது, இலக்கியத் திறனாய்வு பயிலும் மாணவரும் நோக்குதல் தகும்.

இப்பொருள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு முடிபுகளுள் ஒன்றைச் சார்ந்து நிற்பர். சதிக்கதையை நம்புவோர் அறியாமையுடையோர் என்பது ஒன்று. அவர் மனநோய்க்கு ஆட்பட்டோர் என்பது மற்றொன்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் றிச்சார்ட் ஹொப்ஸ்ராட்டர் 1964இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இப்போக்கிற்கு மருத்துவ நூலிலிருந்தே பெயரை எடுத்தது. மருத்துவப் பொருளில் தாம் அச்சொல்லை ஆளவில்லை என அவரே தெளிவுபடுத்தியபோதும், பின் வந்தோர் அவ்வெச்சரிக்கையை மறந்தனர். கார்ல் பொப்பரின் நோக்கு இதனினும் ஆழமானது. ஹோமரின் காவியத்தில் துரோய் நகரப் போர்க்களத்து நிகழ்வுகள் யாவும் தேவர்களின் சூழ்ச்சியாற் பிறப்பன. தேவர்களில் நம்பிக்கை குன்றிய காலத்தில், அவர்களுடைய இடத்தில் ஆற்றல்மிக்க மனிதக் குழுக்கள் வைக்கப்படுகின்றன என்பது அவர் கருத்து. சதிகள் நிகழ்வதில்லை என்று பொப்பர் கூறவில்லை. அவை கருதியவாறே நிறைவேறுவது அரிது என்பதையே அவர் வற்புறுத்தினார். ஆயினும் தேவர்களின் இடத்தில் எவர் வைக்கப்படுகின்றனர், எக்காலத்தில், எவரால் என்னும் வினாக்களுக்கு அவரிடம் விடை குறைவு. அவற்றுக்கு விடை காண, குறிப்பிட்டதொரு பனுவலை நுணுகி நோக்க வேண்டியுள்ளது.

'சீயோன் மூப்பர்களின் நடபடிக் குறிப்புகள்' எனப்படும் நூல் இவ்வகையில் முதன்மையானது. யூதத் தலைவர்கள் இரகசியமாகக் கூடி உலகை அடிப்படுத்துவதற்கு வகுத்த திட்டமே தான் எனக் கூறிக்கொள்ளும் இந்நூல் 24 பகுதிகளைக் கொண்டது. 1903இல் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரப் பத்திரிகையொன்றில் முதலில் தொடராக வெளிவந்தது. அப்பத்திரிகையின் ஆசிரியர் குருஷெவான். அதே ஆண்டு ஏப்ரலில் கிஷினேவ் நகரில் யூதர் கொன்று சூறையாடப்பட்டபோது, அதற்கு முன்பிருந்தே பகைத் தீயை மூட்டி வந்த பத்திரிகையும் இவருடையதே. 1905இல் நிலுஸ் என்னும் சமயப்பித்தர் இதனை அந்திக்கிறிஸ்துவின் வருகை பற்றிய தமது நூலுடன் சேர்த்து அச்சிட்டார். அக்காலத்தில் இது ருஷ்யாவுக்கு வெளியே பெரிதும் அறியப்படவில்லை. 1917இன் புரட்சிக்குப் பின் தோல்வியுற்று ஓடிய வெண்படை அதிகாரிகள் இதனைத் தம் பெட்டிகளில் சுமந்து மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 1920இல் ஜேர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்புகள் வெளியாயின.

அவ்வாண்டு மே மாதத்தில் லண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகை இது மெய்யான ஆவணமாயிருத்தல் கூடுமோ எனக் கவலையுடன் வினவியது. அடுத்த ஆண்டு ஆகத்து மாதத்தில் அதே பத்திரிகையே விடையையும் வெளியிட்டது. அதன் கொன்ஸ்தாந்திநோபிள் நிருபர் பிலிப் கிறேவ்ஸ் ருஷ்ய அகதியொருவர் மூலம் பழைய பிரெஞ்சு நூலொன்றைப் பெற்றார். அது மொறிஸ் ஜோலி என்னும் வழக்கறிஞர் 1864இல் எழுதிய, நரகத்தில் மக்கியவல்லியும் மொன்ரெஸ்கியூவும் உரையாடுவதாக அமைந்த அங்கத நூல். மூன்றாம் நெப்போலியனின் கொடுங்கோன்மையைச் சாடியமைக்காக ஜோலி சிறை சென்றார். அந்நூலில் யூதரைப் பற்றிய பேச்சே இல்லை. கிறேவ்ஸ் இரு நூல்களின் பகுதிகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். பிற்காலத்தில் நோமன் கோன் செய்த விரிவான ஆய்வின்படி, 'குறிப்புகளில்' 160க்கும் மேற்பட்ட இடங்கள், அதாவது நூலின் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, ஜோலியிடமிருந்து எடுக்கப்பட்டவை. மக்கியவல்லி கூறுவதாக ஜோலி எழுதியவற்றை எடுத்து யூத மூப்பரின் வாயில் இட்டதே போலி ஆசிரியன் செய்த வேலை. ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் கண்ட சி. வை. தாமோதரம்பிள்ளையின் வழியில் வந்த நமக்கு இம்முறை புதியதன்று. இடைச்செருகலைக் கண்டறிவதற்கு நாம் கையாளும் அதே முறை ஈண்டு நூல் முழுவதுமே செருகல் என்பதைக் காட்டியது.

இதற்கும் முந்தியதொரு படிநிலை உண்டு. கேட்ஷே என்னும் ஜேர்மானியர் 1868இல் எழுதிய நாவலொன்றில், பிராக் நகர் இடுகாட்டில் யூதக் குலத் தலைவர்கள் நள்ளிரவிற் கூடிச் சூழ்வதாக ஓர் அத்தியாயம் வருகிறது. நாவல் என்ற பெயருடனேயே வெளிவந்த இப்பகுதி, சில ஆண்டுகளில் ருஷ்யாவில் தனிப் பிரசுரமாகியது. பின்னர் பாத்திரங்களின் பேச்சுக்கள் ஒன்றாக்கப்பட்டு, உண்மையான மதகுரு ஒருவர் ஆற்றிய சொற்பொழிவாகப் பரவியது. புனைகதை அட்டையைக் கழற்றி ஆவணமாயிற்று. நாவலிலிருந்து மேற்கோட் குறிகள் உதிர்ந்துபோவதே சதிக்கதை பிறக்கும் கணம் என்று கூறத் தோன்றுகிறது.

பொய் வெளிப்பட்டபின் நிகழ்ந்தவையே நமது கவனத்துக்கு முதன்மையாக உரியவை. அமெரிக்காவில் மோட்டார் வாகன உற்பத்தியாளர் ஹென்றி போர்ட் தமது வார இதழில் 1920 முதல் இக்கருத்துக்களைப் பரப்பி வந்தார். இந்நூல் நாட்டில் நடப்பவற்றுடன் பொருந்துகிறது என்பதே 1921இல் அவர் கூறிய நியாயம். (1927இல் அவர் மன்னிப்புக் கோரினார், அதற்குள் நூல் பல மொழிகளில் உலவத் தொடங்கிவிட்டது.) ஹிட்லர் 1925இல் ஒருபடி மேலே சென்றார். இது போலியென ஒரு பத்திரிகை ஓயாது ஓலமிடுவதே இது மெய்யென்பதற்குச் சிறந்த சான்று என்பது அவர் வாதம். 1935இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகர நீதிமன்றம் நூல் போலியானது எனத் தீர்த்தது. தீர்ப்பினால் நூலின் விற்பனை எங்கும் நின்றுவிடவில்லை.

எனின், வாசகர் இந்நூலில் எதனைக் கண்டனர்? வாசிப்பின்பம் என்று சொல்லத்தக்கது இதிற் சிறிதுமில்லை. ஒரே செய்தி திரும்பத் திரும்ப வரும். முரண்பாடுகள் மலிந்து கிடக்கும். முதலாளித்துவமும் மூப்பரின் சூழ்ச்சி. சமவுடைமையும் அவர்களின் சூழ்ச்சி. பத்திரிகைச் சுதந்திரம், பொற்திட்டம், குடிப்பழக்கம் ஆகியனவும் அவ்வாறே. நகரங்களைத் தகர்ப்பதற்காகவே நிலத்தடிப் புகையிரதப் பாதைகள் வெட்டப்படுகின்றன என்றுகூட ஓரிடத்தில் வருகிறது. ஆனால் 1920இன் ஜேர்மன் நடுத்தர வகுப்பினனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் போரில் தோற்றான், அரசன் ஓடினான், சில ஆண்டுகளில் அவன் வாழ்நாட் சேமிப்பு ஒரு பாணின் விலையும் பெறாததாயிற்று. இவற்றுக்கான மெய்யான காரணங்களோ முகமற்றவை. போர்க்கடன், நட்டஈடு, நாணயப் பெருக்கம் என்பவற்றை எவரும் வெறுக்க முடியாது. வெறுப்பதற்கு முகம் வேண்டும். நூலின் முரண்பாடுகளே அதன் பயன்பாடாயின. தொழிலாளியைக் கண்டு அஞ்சியவனும் வங்கியைக் கண்டு அஞ்சியவனும் ஒரே நூலில் தத்தம் பகைவனைக் கண்டனர்.

நூலின் உருவமும் இதற்குத் துணை புரிந்தது. இது யூதரைப் பற்றிப் பிறர் எழுதிய குற்றப்பத்திரிகையாக அமையவில்லை. மூப்பர் தாமே 'நாம்' எனப் பேசுகின்றனர். தம் இழிவைத் தாமே விரித்துரைக்கின்றனர். ஒப்புதல் வாக்குமூலம் என்னும் உருவத்தை இது கொண்டுள்ளது. குற்றச்சாட்டுக்கு மறுமொழி கூறலாம்; வாக்குமூலத்துக்கு எவ்வாறு கூறுவது? மேலும், மறைவில் நிகழ்ந்ததை ஒட்டுக்கேட்டவன் என்னும் பெருமையை வாசகன் அடைகிறான். நேற்றுவரை வரலாற்றினால் உதைபட்டவன் இன்று வரலாற்றின் மர்மம் அறிந்தவனாகிவிடுகிறான். இம்மதிப்பை அவனுக்குப் பல்கலைக்கழகங்கள் வழங்கவில்லை, நூல் வழங்கியது.

வாக்குமூலத்தைத் தேடும் இவ்வேட்கைக்கு வால்ரர் றாதனோவின் முடிவு சான்றாகும். யூதரான இவர் தொழிலதிபர். பின்னர் ஜேர்மனியின் வெளிநாட்டமைச்சர். ஒருவரையொருவர் அறிந்த முந்நூறு பேர் ஐரோப்பாவின் பொருளாதாரத்தை நடத்துகின்றனர் என்று 1909இல் அவர் எழுதியிருந்தார். அது ஒரு சிறு குழுவின் கையில் பொருளாதாரம் சிக்கியிருப்பதைக் குறைகூறும் கூற்று, யூதரைப் பற்றியதன்று. 'குறிப்புகள்' வெளியானபின் அதே வாக்கியம் மூப்பருள் ஒருவர் வாய்தவறி ஒப்புக்கொண்டதாக வாசிக்கப்பட்டது. 1922 யூன் 24இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையில் பங்குகொண்டோருள் ஒருவன் நீதிமன்றத்தில் இக்கதையையே காரணமாக எடுத்துரைத்தான்.

சதிக்கதையின் இவ்வியல்புகள் தற்கால ஐரோப்பாவுக்கே உரியன என எண்ணுதல் பிழையாகும். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இவற்றை வியப்பூட்டும் தெளிவுடன் காட்டுகிறது. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியைக் கோவலன்மேல் ஏற்றுகிறான். காவலரோ கோவலனைக் கண்டதும் இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லை என்கின்றனர். அவர்களுடைய ஐயம் நேர்மையானது. கண்முன் கண்டதைச் சார்ந்தது. பொற்கொல்லன் அதனை மறுக்கவில்லை. நகைத்துவிட்டு, மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் கள்வர்க்குத் துணையாகும் எட்டினையும் எடுத்துரைக்கிறான். பிடிபடாது தப்பிய பழைய கள்வரின் கதைகளையும் கூறுகிறான். தேர்ந்த கள்வன் கள்வனாகத் தோன்றமாட்டான் என்பது அதன் உட்பொருள். நிரபராதியின் தோற்றமே குற்றத்துக்குச் சான்றாகிவிடுகிறது. ஹிட்லரின் வாதமும் இதுவே. மெய்யான சதிகாரனே சதிக்கதையின் ஆசிரியனுமாதல் இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

இளங்கோவடிகளின் நூலில் நாம் விரைந்து கடந்துவிடும் பிறிதொரு பகுதியும் உண்டு. உரைபெறு கட்டுரையின்படி, பாண்டிநாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் தொடர்ந்தபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான், மழை பெய்தது, நாடு செழித்தது. குற்றம் செய்தவன் ஒருவன். உயிரிழந்தவர் ஆயிரவர். அவ்வாயிரவரும் செய்த குற்றம் அவன் தொழிலில் பிறந்தமையே. பஞ்சத்துக்கு முகம் தேவைப்பட்டது; ஒருவனின் முகம் போதாமையால் ஒரு குலத்தின் முகம் எடுத்துக்கொள்ளப்பட்டது. நமது பாடநூல்களும் மேடைகளும் கண்ணகியின் அறச்சீற்றத்தை எத்துணையோ முறை போற்றியுள்ளன. இவ்வாயிரவருக்காக நாம் செலவிட்ட சொற்கள் மிகச் சில. சதி உண்மையாகவே நிகழ்ந்தது என்பதை ஏற்றுக்கொண்டபின்னும், ஒருவனிலிருந்து ஓரினத்துக்குத் தாவும் அப்பாய்ச்சல் சதிக்கதையாகவே எஞ்சுகிறது.

மெய்யான சதிகள் பொய்யான சதிக்கதைகளுக்கு உரமாவதையும் மறத்தலாகாது. 2003இல் வட நைஜீரியாவின் கானோ மாநிலத்தில், போலியோத் தடுப்பு மருந்து முஸ்லிம் பெண்களை மலடாக்கும் மேற்குலகச் சூழ்ச்சி என்ற பேச்சுப் பரவி, மருந்தளிப்பு ஏறத்தாழ ஓராண்டு தடைப்பட்டது. அடங்கியிருந்த நோய் பல நாடுகளுக்கு மீண்டும் சென்றது. இதனைப் பாமர மூடத்தனம் என ஒதுக்குவோர், அதே கானோவில் 1996இன் மூளைக்காய்ச்சற் கொள்ளை நோயின்போது அமெரிக்க மருந்து நிறுவனமொன்று குழந்தைகளிடம் புதிய மருந்தைப் பரிசோதித்ததையும், முறையான சம்மதம் பெறப்படவில்லை என வழக்குகள் எழுந்ததையும் நினைவுகூர்தல் வேண்டும். அம்மக்களின் ஐயத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. ஐயத்தை நோய் என்று கூறுவோர் அவ்வரலாற்றைப் படிக்கும் கடமையிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்கின்றனர்.

இனி, நமது நாட்டுக்கு வருவோம். 1915 மே மாத இறுதியில் வெடித்த சிங்கள-முஸ்லிம் கலவரத்தில் இரு சதிக்கதைகளை எதிரெதிரே காண்கிறோம். போர்க்கால விலையேற்றத்தால் வருந்திய சிங்கள மக்கள் கரையோர முஸ்லிம் வணிகரிடம் தம் துன்பத்தின் முகத்தைக் கண்டனர். ஆளுநர் சாமர்ஸின் ஆட்சியினரோ கலவரத்தின் பின்னே ஜேர்மனியின் கையையும் மதுவிலக்கு இயக்கத்தினரின் அரசத் துரோகத்தையும் கண்டனர். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களிற் பயின்றோர் இவ்வாட்சியினர். அறியாமை விளக்கம் இங்கே எடுபடாது. இராணுவச் சட்டம் பிறந்தது, விசாரணை சுருங்கியது, பலர் சுடப்பட்டனர், பின்னாளில் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கா உட்படப் பலர் சிறையிடப்பட்டனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிலும், 1916இல் வெளியிட்ட நூலிலும் ஆட்சியினரின் சதிக்கதையைத் தகர்த்தார். அது துணிவான பணி. ஆயினும் கடைகள் எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் நிலையிலிருந்து நோக்கின், இருகதைகளுள் ஒன்றே தகர்க்கப்பட்டது. மற்றையது கேட்பாரற்று விடப்பட்டது.

கேட்பாரற்று விடப்பட்ட கதை ஒரு நூற்றாண்டின் பின் புதிய உடையில் வந்தது. 2018 பெப்ரவரி 26இல் அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கறியிற் கிடந்த கட்டியொன்றைச் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை எனக் கூறிக் கூட்டம் சூழ்ந்தது. அதற்கு முன்பே, அப்பகுதியில் 23,000 மலட்டு மாத்திரைகள் பிடிபட்டதாக ஒரு பொய்ச் செய்தி முகநூலில் உலவியிருந்தது. கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் நன்கு தெரியாது. சூழ்ந்து நின்றோரின் கேள்விக்கு அவர் அச்சத்தில் ஆமெனக் கூறினார். அதனை ஒருவர் கைத்தொலைபேசியில் பதிந்தார். வாக்குமூலம் கிடைத்துவிட்டது. அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தின் திகணையில் வன்செயல் மூண்டதற்கு உடனடிக் காரணம் வேறாயினும், அந்த ஒளிப்பதிவு அதற்கு முன்பே அங்கு சென்றடைந்திருந்தது. கட்டியை ஆராய்ந்த அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அது மாவுத் திரளே என்றார். ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் இல்லை. குடிசனமதிப்பு வேறொன்றையும் கூறுகிறது: சிங்கள மக்களின் விகிதம் 1981இல் 74.0; 2012இல் 74.9. குறைந்து அருகிவிடுவோம் என அஞ்சிய இனம் விகிதத்தில் கூடியே இருந்தது.

இத்தகைய கதை எவ்வாறு பரவுகிறது என்பதற்கு, செய்தியின் முக்கியத்துவமும் தெளிவின்மையும் பெருக வதந்தியும் பெருகும் என்று 1947இல் ஒல்போர்ட், போஸ்ற்மன் இருவரும் வகுத்த விதி ஓரளவு பொருந்தும். அதனுடன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மலட்டு மாத்திரைக் கதை பெரும்பாலும் பகைமொழியாகப் பரவுவதில்லை. அன்பு மொழியாகப் பரவுகிறது. தாய் மகளுக்குச் சொல்கிறாள்: அங்கே சாப்பிடாதே, அந்தக் கடையில் உடுப்பு வாங்காதே. உண்மையா என வினவுவது தாயின் பரிவை மறுப்பதாகிவிடும். நம்பினால் இழப்பில்லை, நம்பாவிடில் ஆபத்து என்ற கணக்கும் உண்டு. இழப்பு முழுவதும் கடைக்காரனுடையது. அவன் அவ்வுரையாடலில் இல்லை.

இவ்வளவையும் பிற இனத்தவரின் குறையாக எழுதி முடிப்பது எளிது. தமிழில் எழுதுவோன் 1990ஐயும் எழுதவேண்டியவனாகிறான். அவ்வாண்டு ஒக்ரோபரில் வடமாகாணத்தின் முஸ்லிம்கள், 70,000க்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் 30ஆந் திகதி வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். கிழக்கில் அக்காலத்தில் நிகழ்ந்த கொலைகளும் இருபக்க அச்சமும் உண்மையானவை. ஆனால் சோனகத் தெருவின் தையற்காரரும் இரும்புக்கடைக்காரரும் பள்ளி மாணவரும் உளவுக்கும் காட்டிக்கொடுப்புக்கும் உரியோராகக் கருதப்பட்டது கொற்கையில் நிகழ்ந்த அதே பாய்ச்சல். அயலவருள் பலர் அழுதனர். வீட்டுச் சாவியைப் பொறுப்பேற்றோரும் உளர். எனினும், 'ஏதோ இருந்திருக்கும், இல்லாவிட்டால் செய்திருப்பார்களா' என்னும் வாக்கியம் பின்னர் நம்மிடையே நெடுங்காலம் வழங்கி வந்தது. அவ்வாக்கியத்தின் இலக்கணம் ஆராயத்தக்கது. 'ஏதோ' என்னும் சொல் சான்றின் இடத்தில் நிற்கிறது. 'செய்திருப்பார்களா' என்னும் வினா தண்டனையையே குற்றத்துக்குச் சான்றாக்குகிறது.

தமிழ்ச் சிறுகதையும் கவிதையும் இவ்வெளியேற்றத்தின் துயரைப் பேசியுள்ளன. வெளியேற்றப்பட்டோரே எழுதியவை அவற்றுட் சிறந்தவை. அதனை நியாயப்படுத்த அன்று வாய்மொழியாய் உலவிய கதைகளோ தொகுக்கப்படவில்லை. அவற்றைச் சொன்னோரும் கேட்டோரும் இன்று முதுமை எய்தி வருகின்றனர். நாட்டார் வழக்காற்றியலில் நமது மாணவர் கதைப்பாடல்களையும் ஒப்பாரிகளையும் தொகுத்த அதே முறையில், ஊர்தோறும் சென்று, எவர் யாரிடமிருந்து எதைக் கேட்டனர், எந்தச் சொல்லில் கேட்டனர் என்பதைப் பதிவுசெய்யலாம். புத்தளம் முகாம்களில் வாழ்ந்தோரின் நினைவுகளோடு அவற்றை அருகருகே வைத்து ஒப்புநோக்கும் பணியும் எஞ்சியிருக்கிறது.